பனியில் புதைந்தவரை மீட்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலை மருத்துவம் பழக வரும் இளம் மருத்துவர்கள், தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே மறுபடியும் செய்வதைச் சென்ற குளிர்காலத்தில் மணாலி அருகே நடந்த ஒரு பயிற்சியில் கண்டேன். கையுறை, காலணி பற்றிய சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

நேர் மேலே நின்று தோண்டுவது

பனிச்சரிவில் புதைந்தவர்களைப் பெரும்பாலும் கொல்வது குளிர் அல்ல, மூச்சுத்திணறல். சுவிட்சர்லாந்துப் பதிவுகளின்படி, 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்தார்கள்; அரை மணி நேரம் ஆனால் பத்துக்கு மூன்று பேர்தான். புதைந்தவர் அணிந்திருக்கும் கருவியின் சமிக்ஞையைப் பிடிக்கும் டிரான்ஸீவரால் இடத்தைக் கண்டுபிடிப்பதைவிடத் தோண்டுவதற்கே கூடுதல் நேரம் பிடிக்கிறது. ஆனாலும் மருந்தளவுகளை மனப்பாடமாகச் சொல்லும் மருத்துவர்கள், பனி அள்ளும் ஷவலைப் பிடிப்பதை வேறு யாருடைய வேலையோ என்று எண்ணுகிறார்கள்.

அன்று ஒரு மீட்டருக்கும் மேலான ஆழத்தில் ஒரு பொம்மையைப் புதைத்து, அதன் முகத்தருகே, புதைந்தவர் மூச்சுவிட எஞ்சியிருக்கும் காற்றிடத்துக்கு அடையாளமாக ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து வைத்திருந்தோம். பனிக்குள் குத்தித் துழாவும் கம்பி பொம்மைமேல் தட்டியதும் ஒருவர் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அங்கேயே நின்று கிணறு வெட்டுவதுபோல் வெட்டத் தொடங்கினார். சரிந்து நின்ற பனி இறுகிப் பாறைபோல் ஆகிவிடும். இடுப்பளவு ஆழம் போனதும் அவர் வெட்டியதெல்லாம் குழிக்குள்ளேயே திரும்ப விழுந்தது. கடைசியில் பொம்மையை எடுத்தபோது கோப்பை தட்டையாக நசுங்கிக் கிடந்தது. என் முதல் மீட்பில் நானும் இப்படித்தான் தோண்டினேன்; அந்த மனிதர் பிழைக்கவில்லை.

கம்பியை இருந்த இடத்திலேயே விடுங்கள். புதைந்த ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் சரிவின் கீழ்ப்புறம் தள்ளி நின்று, கம்பியை நோக்கிப் பக்கவாட்டில் வெட்டிச் செல்லுங்கள்; பின்னால் நிற்பவர்கள் அந்தப் பனியைத் துடுப்புப் போடுவதுபோல் கீழே தள்ளட்டும். முன்னால் வெட்டுபவர் சோர்வதற்கு முன்பே ஆளை மாற்றுங்கள். முகம் தெரிந்ததும் வாயையும் மூக்கையும் பாருங்கள். அவை பனியால் அடைத்திருந்தனவா, புதைந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பவற்றைக் குறித்துக்கொள்ளாவிட்டால், சிகிச்சையைத் தொடர்வதா என்று மருத்துவமனையில் முடிவெடுக்க இயலாது.

குளிர்ந்த உடலை உலுக்குவது

உலுக்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடக்கூடும்.

அதிசயத்தை விதியாகக் கொள்வது

2016 பிப்ரவரியில் சியாச்சினில் புதைந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் பத்துப் பேரில், லான்ஸ் நாயக் அனுமந்தப்பா ஒருவரே ஏறத்தாழ ஆறு நாட்களுக்குப் பின் உயிருடன் கிடைத்தார். அவரும் பிப்ரவரி 11 அன்று டெல்லியில் இறந்தார்.

சான்றிதழிலிருந்து தொடங்குவது

முதலில் அவசர சிகிச்சையிலோ மயக்கவியலிலோ தேறுங்கள். அடுத்து உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கிலோ அடிப்படை மலையேற்றப் பயிற்சியை முடியுங்கள். மலை மருத்துவப் பட்டயம் அதற்குப் பிறகுதான் பொருள்படும். களத்தில் பழகவும் இடம் உண்டு: நேபாளத்தின் பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவமனையில் மலையேற்றப் பருவந்தோறும் தன்னார்வ மருத்துவர்கள் பணியாற்றுகிறார்கள்.