போலோன்யாவில் கிறிஸ்துமஸ் மதிய விருந்து: எங்கெல்லாம் சறுக்கும்?

வட இத்தாலியின் போலோன்யாவில் ஒரு குடும்பமே சமைத்து, பரிமாறி, கல்லாவிலும் உட்கார்ந்து நடத்தும் சிறு உணவகம்தான் த்ரத்தோரியா. டிசம்பர் 25 அன்று திறந்திருக்கும் த்ரத்தோரியாக்களில் பெரும்பாலும் மெனு பார்த்து ஆர்டர் செய்ய முடியாது. ஒரே பட்டியல், தலைக்கு ஒரே விலை, எல்லா மேசைக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பரிமாறல். கிட்டத்தட்ட கல்யாணப் பந்திதான். அதை வழக்கமான ஹோட்டல் சாப்பாடாக நினைத்துப் போகிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

முதல் தவறு, ஆள் கணக்கைக் கடைசி நேரத்தில் மாற்றுவது. மாவைத் திரட்டி, இறைச்சிப் பூரணம் வைத்து, விரலில் சுற்றி மடிக்கும் தொர்தெல்லினியை முன்பதிவான தலைகளை எண்ணியே செய்து வைப்பார்கள். ஆறு பேர் என்று சொல்லிவிட்டு எட்டுப் பேராகப் போனால் எல்லோர் தட்டிலும் குறையும். பதிவு செய்ய அழைக்கும்போது மதியம் 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் அழைக்காதீர்கள். போனை எடுக்க வேண்டியவர் கையில் தட்டு இருக்கும். முன்பணம் கேட்டால் சந்தேகப்படவும் வேண்டாம், பண்டிகை நாளில் அது வழக்கம்தான். 12.30 என்றால் 12.30க்கே போய்விடுங்கள். பஸ்கள் அன்று குறைவு, டாக்ஸியும் எளிதில் கிடைக்காது.

அடுத்தது நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம்: எதைச் சாப்பிடமாட்டோம் என்பதை மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்வது. தொர்தெல்லினி பூரணத்துக்கு 1974இல் போலோன்யா வணிகச் சபையில் பதிவு செய்த செய்முறையே இருக்கிறது: பன்றி இடுப்புக் கறி, ப்ரொஷுட்டோ (உப்பிட்டு உலர்த்திய தொடைக்கறி), மொர்தடெல்லா (பெரிய சாசேஜ்), பார்மிஜானோ சீஸ், முட்டை, ஜாதிக்காய். முதல் மூன்றும் பன்றி. அது வேகும் சாறு மாட்டிறைச்சியும் கப்போனே எனப்படும் கொழுத்த சேவலும் போட்டுக் காய்ச்சியது. ஆக, பன்றி வேண்டாதவர், மாடு வேண்டாதவர், சைவர் மூவருக்கும் அது ஆகாது. பூரணம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டதால் அன்றைக்கு மாற்றவும் வழியில்லை. ஆகவே பதிவு செய்யும்போதே ‘மயாலே’ (பன்றி), ‘மான்ஸோ’ (மாடு), ‘ப்ரோதோ’ (இறைச்சிச் சாறு) என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வெறுமனே ‘கார்னே (இறைச்சி) வேண்டாம்’ என்றால் கறித்துண்டு இல்லாத தட்டு வரும், சாறு அதிலேயே இருக்கலாம். கறாரான சைவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பார்மிஜானோவை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட். ஒவ்வாமை உள்ளவர்கள் தயங்காமல் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகம் சொல்லியே ஆக வேண்டும்.

உட்கார்ந்ததும் ரொட்டியும் மொர்தடெல்லாவும் வரும். பசியில் அதிலேயே வயிற்றை நிரப்பிவிட்டால் கதை முடிந்தது. பின்னால் தொர்தெல்லினி, பல இடங்களில் அதற்கும் மேல் கீரை சேர்த்த பச்சை நிற லசான்யா (அடுக்கு பாஸ்தா), பிறகு வேகவைத்த இறைச்சி, இனிப்பு எனச் சுமார் மூன்று மணி நேரம் இருக்கிறது. ரொட்டியில் பாதியை வைத்திருங்கள், தட்டில் மிஞ்சும் சாஸைத் துடைக்க உதவும்.

தொர்தெல்லினி வந்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள். போட்டோ, போன், வெளியே சிகரெட் எல்லாம் பிறகு. கொதிக்கும் சாற்றில் சில நிமிடமே வெந்து வரும் மெல்லிய மாவு அது. கிண்ணத்தில் கிடந்தால் சாற்றை உறிஞ்சி ஊதி, கொழகொழவென்று ஆகிவிடும். ஒவ்வொன்றையும் முழுதாக வாயில் போடுங்கள். கரண்டி விளிம்பால் வெட்டினால் பூரணம் கரைந்து தெளிந்த சாறு கலங்கும். மேலே கொஞ்சம் பார்மிஜானோ தூவலாம். மிளகாய்ப் பொடி கேட்டால் தருவார்கள்தான், ஆனால் அந்தச் சாற்றின் வாசனை அதோடு போயிற்று.

பொல்லித்தோ எனப்படும் வேகவைத்த இறைச்சி பார்வைக்குச் சப்பென்று இருக்கும். ருசி பக்கத்துக் கிண்ணங்களில் இருக்கிறது. பச்சையாக இருப்பது பார்ஸ்லி, நெத்திலி, கேப்பர் (ஊறவைத்த பூமொட்டு) அரைத்த சால்சா வெர்தே. பளபளக்கும் பழத்துண்டுகள் மொஸ்தார்தா. ஜாம் என்று நினைத்து ஒரு கரண்டி அள்ளினால் பாகிலிருக்கும் கடுகுக் காரம் மூக்கில் ஏறும். நகக்கண் அளவு எடுத்து இறைச்சியோடு சேர்த்துப் பாருங்கள்.

மது அருந்தாதவர்கள் இனிப்பிலும் விசாரிக்க வேண்டும்: கேக்கும் கஸ்டர்டும் அடுக்கிய ஜுப்பா இங்க்லேஸேயின் சிவப்பு நிறம் அல்கெர்மெஸ் என்ற மதுவால் வருவது. பனெத்தோனே என்ற கிறிஸ்துமஸ் கேக்குடன் தரும் மஸ்கார்போனே சீஸ் கிரீமில் பச்சை முட்டை சேர்ப்பது வழக்கம், கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. காப்பி இனிப்போடு வராது, அதற்குப் பின்தான். கப்புச்சினோ கேட்பது குற்றமல்ல, வயிறு தாங்குமா என்பதே கேள்வி.

பில் தானாக வராது. மேசைக்குக் கொண்டுவந்து வைத்தால் விரட்டுவதாக ஆகிவிடும் என்று நினைப்பார்கள். ‘இல் கோன்தோ’ என்று கேளுங்கள், அல்லது கல்லாவுக்கே போங்கள். பட்டியலில் ‘பெவாந்தே எஸ்க்ளூஸே’ என்றிருந்தால் தண்ணீர், ஒயின் தனிக்கணக்கு. ‘கோபெர்த்தோ’ என்பது தலைக்குச் சில யூரோ மேசைக்கட்டணம், டிப்ஸ் அல்ல. டிப்ஸ் கட்டாயமும் இல்லை, மனதுக்குப் பிடித்திருந்தால் கொஞ்சம் வைத்துவிட்டு வரலாம்.