ஹோஸ்ட்நேம் மாத்துனதுக்கு அப்புறம் குரோமியம் தொறக்கலையா? இதைப் பாருங்க

டெபியன் லினக்ஸ்ல குரோமியம் பிரவுசர் போட்டு ரொம்ப நாளா நல்லா ஓடிட்டு இருந்துச்சு. போன வாரம் பிரவுசரை மூடாமலே கம்ப்யூட்டரோட பேரை, அதான் ஹோஸ்ட்நேமை மாத்தி ரீஸ்டார்ட் பண்ணேன், அதுக்கப்புறம் எப்பத் தொறந்தாலும் வேற கம்ப்யூட்டர்ல யாரோ இந்த புரொஃபைலை (பிரவுசர் நம்ம டேட்டாவை சேத்து வைக்கிற ஃபோல்டர்) யூஸ் பண்றாங்க, அதனால பூட்டி வச்சிருக்குன்னு ஒரு மெசேஜ்தான் வந்துச்சு. என்கிட்ட வேற கம்ப்யூட்டரே கிடையாது. நல்லா உத்துப் பாத்தா அந்த மெசேஜ்ல பிராக்கெட்டுக்குள்ள என் பழைய ஹோஸ்ட்நேம்!

அன்இன்ஸ்டால் பண்ணி திரும்பப் போட்டும் பிரயோஜனமில்ல. ஏன்னா புரொஃபைல் இருக்குறது ஹோம் ஃபோல்டர்ல, பேக்கேஜை எடுத்தா அதுல கை வைக்காது.

ஃபைல் மேனேஜர்ல கன்ட்ரோலும் எச்சும் சேத்து அமுக்குனா மறைஞ்சிருக்குற ஃபோல்டர்லாம் தெரியும், அதுல பேருக்கு முன்னாடி புள்ளி வச்ச கான்ஃபிக், அதுக்குள்ள குரோமியம். அங்க சிங்கிள்டன்லாக்னு ஒண்ணு கெடந்துச்சு. சாதா ஃபைல் இல்ல, சிம்லிங்க், அதாவது வேற ஒரு எடத்தைக் காட்டுற குறுக்குவழி மாதிரி. அது காட்டுற எடத்துல பழைய ஹோஸ்ட்நேம், ஒரு ஹைஃபன், புராசஸ் (ஓடிட்டு இருக்குற புரோகிராம்) நம்பர், அவ்ளோதான். அந்தப் பேரு இப்ப இருக்குற ஹோஸ்ட்நேமோட ஒத்துப்போகலைன்னதும் குரோமியம் வேற மெஷின்னு எடுத்துக்குது. ஒரே புரொஃபைல்ல ரெண்டு புராசஸ் எழுதுனா டேட்டா கெட்டுடும், அதனால அந்த ஜாக்கிரதை நல்லதுதான்.

பின்னாடி குரோமியம் எதுவும் ஓடலைன்னு சிஸ்டம் மானிட்டர்ல பாத்துட்டு அந்த லாக்கை மட்டும் அழிச்சேன், உடனே தொறந்துடுச்சு, டேப் எல்லாம்கூட அப்படியே இருந்துச்சு. தயவுசெஞ்சு ஃபோல்டரை மொத்தமா அழிச்சிடாதீங்க, உங்க புக்மார்க், ஹிஸ்டரி, சேவ் பண்ண பாஸ்வேர்ட் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.