ஸ்டீயரிங் கிரீச்சிட்டால் முதலில் நிப்பிளைப் பாருங்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு லோடு ஏற்றிப் போகிறவர்களுக்குத் தெரியும், 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டீயரிங்கை நன்றாக ஒடிக்க வேண்டும். என் வண்டி ஒவ்வொரு வளைவிலும் பழைய கதவு மாதிரி கிரீச்சிட்டது. பெரிய செலவு என்று பயந்தேன். கடைசியில் தேவைப்பட்டது கொஞ்சம் கிரீஸ்தான்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் வெளியே நின்று கேட்கட்டும். சக்கரத்துப் பக்கம் சத்தம் வந்தால் பெரும்பாலும் கிங்பின், அதாவது முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கிற தடித்த பின், காய்ந்திருக்கும். அதற்குக் கிரீஸ் ஏற்றுகிற சின்ன முனைதான் நிப்பிள். அதைத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள், இல்லையென்றால் கிரீஸோடு மண்ணும் உள்ளே போய்விடும். அப்புறம் கிரீஸ் கன்னை வைத்து மெதுவாக அடியுங்கள். முதலில் கறுப்பாகப் பழைய கிரீஸ் பிதுங்கும். புதிது எட்டிப் பார்க்கும்வரை விடாதீர்கள். முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து அடித்தால் பாரம் அழுத்தும் இடத்துக்கும் கிரீஸ் இறங்கும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்புகிற கம்பியான டை ராடின் முனையில் நிப்பிள் இருந்தால் அதற்கும் அடித்துவிடுங்கள்.

கேபினுக்குள் ரப்பர் உரசுகிற சத்தமா? சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

பவர் ஸ்டீயரிங் ஊளையிட்டால் ஆயில் அளவைப் பாருங்கள். நுரை தெரிந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. கம்பெனி சொன்ன ஆயிலை மட்டும் ஊற்றுங்கள்.

ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தாலோ 'டக் டக்' என்று தட்டினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். மலை ஏறுவதற்கு முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.