வழுக்கைக்கு ஹார்மோன் மாத்திரை: நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். வேண்டுதல் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் சவரக்கத்தி வேர் வரை போவதில்லை, சிக்கலோ வேரில் இருக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஹெச்டி என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிறது. பரம்பரை வழுக்கை உள்ளவர்களின் உச்சந்தலை வேர்கள் அதைத் தாங்காமல் சிறுத்துப்போகின்றன. பெரும்பாலானோருக்கு இரத்தத்தில் ஹார்மோன் அளவு சாதாரணமாகத்தான் இருக்கும். ஆகவே "ஆண்மை ஜாஸ்தி, அதான் வழுக்கை" என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

அந்த நொதியைத் தடுப்பதுதான் ஃபினாஸ்டிரைடு மாத்திரை. முடிக்கு தினமும் 1 மில்லிகிராம். 5 மில்லிகிராம் மாத்திரை புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு. பெரியது மலிவு என்று வாங்கி, சமையலறைக் கத்தியால் நாலாக வெட்டுகிறவர்கள் உண்டு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இது விளையாட்டில்லை. உடைந்த மாத்திரையின் தூள் அவர் உடலில் சேர்ந்தால், வயிற்றில் உள்ள ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். பூச்சு கெடாத முழு மாத்திரையைத் தொடுவதில் அந்த ஆபத்து இல்லை. சரி, எங்கே வாங்குவது? மலேசியாவில் இது டாக்டர் சீட்டுக்குத்தான் தர வேண்டிய மருந்து. பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இல்லையென்றால் வாங்காதீர்கள், ஆன்லைனில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு "ஒன்றும் ஆகலை" என்று நிறுத்துவது இன்னொரு தவறு. பலன் தெரிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். நிறுத்தினால் கிடைத்த பலன் ஒரு வருடத்துக்குள் போய்விடும். சிலருக்குப் பாலுணர்வு குறையலாம், மனச்சோர்வு வரலாம். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை இவை.

கணவரின் மாத்திரையை மனைவி பங்குபோடுவதும் நடக்கிறது. இதுவும் தவறு, மனைவிக்கு முடி கொட்டும் காரணம் வேறாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் இறங்குவதால் கொட்டும் முடி, டெங்கி வந்துபோய் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும் முடி, இரண்டும் பெரும்பாலும் தானாகவே திரும்பும். நிற்காமல் கொட்டினால் தைராய்டும் இரும்புச்சத்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஐம்பதைத் தாண்டியவர்கள் புரோஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ என்ற இரத்தச் சோதனைக்குப் போனால் இந்த மாத்திரையைப் பற்றி மறக்காமல் சொல்ல வேண்டும். அது பிஎஸ்ஏ அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். இரத்த தான முகாமிலும் சொல்லுங்கள், அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கும் போகலாம்.