படகு பிடிபட்ட மறுநாள் எழுதும் மனுவில் வரும் பிழைகள்

பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகு ஒன்றை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால், மறுநாள் விடிவதற்குள் மனு எழுத ஆள் தேடுவார்கள். அப்படிப் பல மனுக்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கீழே சொல்லும் பிழைகளில் ஒன்றை நானே செய்தும் இருக்கிறேன். பேச்சில் உறுத்தாத பிழை, அரசுக்குப் போகும் தாளில் ஏறிவிட்டால் கோரிக்கையில் உள்ள நியாயத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

அடிக்கடி காண்பது, இந்திய-இலங்கைக் கடல் எல்லை குறித்த 1974 ஒப்பந்தத்தை மட்டும் படித்துவிட்டு 1976 ஒப்பந்தத்தை விட்டுவிடுவது. இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் 1974 ஜூனில் கையெழுத்திட்ட, கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்ட ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்து செல்லலாம், அதற்கு விசா கேட்கப்படாது என்கிறது. இரு நாட்டுக் கலங்களும் மற்ற நாட்டின் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்பது ஆறாம் பிரிவு. இவற்றை வைத்து 'தீவைச் சுற்றி மீன்பிடிக்கவும் வலை உலர்த்தவும் ஒப்பந்தமே உரிமை தருகிறது' என்று எழுதிவிடுகிறோம். ஐந்தாம் பிரிவில் மீன்பிடித்தல் என்ற சொல்லும் இல்லை, வலை என்ற சொல்லும் இல்லை. மீன்பிடி உரிமையும் காக்கப்பட்டிருப்பதாக அன்றைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் சொன்னார் என்பது வாதத்துக்கு உதவும். ஆனால் அது ஒப்பந்தத்தின் வாசகம் அன்று.

1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வகுத்த இரண்டாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் வரலாற்று நீர்ப்பரப்பிலோ (நெடுங்காலமாகத் தனதாகக் கொண்டுவந்த கடல்), ஆட்சிக்கடலிலோ (கரையிலிருந்து 12 கடல் மைல் வரை), பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்திலோ (அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை) வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்று எழுதப்பட்டிருக்கிறது. 'அது வெறும் கடிதம்தானே' என்று கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சர்வதேசச் சட்டம் தாளின் பெயரைப் பார்ப்பதில்லை. கட்டுப்படும் நோக்கத்தோடு இரு அரசுகள் பரிமாறிக்கொண்ட கடிதமும் உடன்படிக்கைதான். ஆகவே 1974-இன் ஆறாம் பிரிவை மேற்கோள் காட்டுகிறவர், 1976 கடிதத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குத் தயாராக இல்லாதவர், உரிமை என்ற சொல்லை விட்டுவிட்டு, தலைமுறைகளாக இருந்துவந்த தொழில் வழக்கம், வாழ்வாதாரம், மனிதாபிமானம் ஆகியவற்றின் மேல் மனுவை நிறுத்துவதே நல்லது என்பது என் கருத்து.

நான் செய்த பிழை, ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆம் பிரிவை இடம் பாராமல் எழுதியது. மீன்பிடிச் சட்டத்தை மீறியதற்காகச் சிறைத்தண்டனை விதிக்கக் கூடாது, உரிய பிணை கட்டினால் படகையும் ஆட்களையும் விரைவில் விடுவிக்க வேண்டும் என்று அது சொல்வதால், நமக்கென்றே எழுதியது போலத் தோன்றும். ஆனால் அது பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்துக்கு மட்டும் உரிய விதி. கச்சத்தீவு இராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீட்டர்; இரு கரைகளின் 12 கடல் மைல் ஆட்சிக்கடலைச் சேர்த்தாலே 44 கிலோமீட்டர் ஆகிவிடுவதால், இடையில் அந்த மண்டலத்துக்கு இடமே இல்லை. அதோடு பாக் நீரிணைப் பகுதியை இரு அரசுகளும் வரலாற்று நீர்ப்பரப்பாகவே 1974-இல் ஏற்றுக்கொண்டன. மன்னார் வளைகுடாவில் தென்கிழக்கே வெகுதூரம் போய்ப் பிடிபட்ட படகுக்கு அந்தப் பிரிவு பொருந்தலாம், கச்சத்தீவுக்கு அருகே பிடிபட்டதற்குப் பொருந்தாது.

எனவே பிடிபட்ட இடம் எது என்பதுதான் முதல் கேள்வி. படகோடு ஜிபிஎஸ் கருவியும் போய்விடுவதால், பக்கத்தில் தொழில் செய்த படகுக்காரர்கள் தங்கள் ஜிபிஎஸ்-இல் குறித்துவைத்த இடத்தை அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்; இரண்டு நாள் கழித்துக் கேட்டால் ஆளுக்கொரு இடம் சொல்வார்கள்.

துப்பாக்கிச் சூடோ, படகை மோதிச் சேதப்படுத்தியதோ இருந்தால், அதை எல்லைப் பேச்சோடு கலக்காமல் தனியாக எழுத வேண்டும். கடலில் கலத்தைப் பிடிக்கும்போது பலப்பிரயோகத்தைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும், மனிதாபிமானம் கடலிலும் செல்லும் என்று சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் 1999-இல் எம்.வி. சைகா என்ற கப்பலின் வழக்கில் கூறியது. எல்லை தாண்டினார் என்பதே சுடுவதற்குக் காரணமாகிவிடாது.

'ஹேக் நகரச் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போவோம்' என்பதை நீளமாக விளக்கத் தேவையில்லை. அங்கே வழக்காடுவது அரசுகள் மட்டுமே, அதுவும் இரு தரப்பும் இசைந்தால்தான். காமன்வெல்த் நாடுகளுடனான பூசல்களை இந்தியா, அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கும் தன் 2019 அறிவிப்பிலேயே விலக்கிவைத்திருக்கிறது. இலங்கை காமன்வெல்த் நாடு.

யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்திடம் 'விடுதலை செய்யுங்கள்' என்று கேட்பதும் வீண். துணைத் தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு தரும் அதிகாரம், காவலில் இருப்பவரைச் சந்திப்பதும், கடிதத் தொடர்பு வைத்துக்கொள்வதும், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்வதும்தான். கைதான செய்தியைத் தூதரகத்துக்குச் சொல்லும்படி மீனவரே கேட்க வேண்டும் என்பதைக் கடலுக்குப் போகும் முன்பே அவருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

ஆட்களின் வழக்கையும் படகின் வழக்கையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் நட்டம் பெரிது. ஆட்கள் ஊர் திரும்பிய மகிழ்ச்சியில் படகை மறந்துவிடுகிறோம். அங்கே படகுக்குத் தனி விசாரணை நடக்கும், உரிமையாளர் ஆவணங்களோடு முன்னிலையாக வேண்டும் என்று நீதிமன்றம் தேதி குறிக்கும். அந்தத் தேதி தவறினால் படகு அரசுடைமையாகிவிடக்கூடும். பதிவுச் சான்றின் நகல் படகுக்குள் மட்டும் இருக்குமானால், அதுவும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒரு நகலை வீட்டில் வைத்திருங்கள்.