தொடையை இறக்கத்தில் தொலைக்காதீர்கள்: மலைப்பாதை ஓட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைப்பாதைப் பந்தயங்களில் ஸ்வீப்பர் என்று ஒரு வேலை உண்டு. கடைசி ஆளுக்கும் பின்னால் வர வேண்டும், பாதை காட்டக் கட்டிய ரிப்பன்களை அவிழ்க்க வேண்டும், யாரும் காட்டில் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போதெல்லாம் ஓடுவதைவிட இதைத்தான் அதிகம் செய்கிறேன். பாதியில் நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம்தான் வந்து சேர்வார்கள். "மனசு விட்டுப்போச்சு" என்பார்கள். கொஞ்சம் கிளறிக் கேட்டால், மனசு விடுவதற்குப் பல மணி நேரம் முன்பே தொடையோ வயிறோ கைவிட்டிருக்கும். நாங்கள் ஆரம்பத்தில் ஆடிய அதே கூத்துதான், வரிசைகூட மாறவில்லை.

புது ஷூவைப் பந்தயத்தன்று போடுவது, பயிற்சியே இல்லாமல் பெயர் கொடுப்பது மாதிரியானவை உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் இறக்கத்தில் பறப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். முதல் ஏற்றத்தை எல்லோரும் ஒழுங்காகத்தான் ஏறுகிறார்கள். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, தானாக வேகம் குறைகிறது. உச்சியைத் தாண்டியதும் மூச்சு திரும்பிவிடும். காலையிலே உடம்பில் தெம்பு இருக்கும், பாதை கீழே இழுக்கும். அவ்வளவுதான், கையை விரித்துக்கொண்டு ஒரே ஓட்டம். "ஏற்றத்தில் விட்ட நேரத்தை இங்கே பிடித்துவிடலாம்" என்று கணக்கு.

சிக்கல் என்னவென்றால், இறக்கத்தில் மூச்சு பொய் சொல்லும். ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. இதற்கு ஆக்ஸிஜன் குறைவாகத்தான் தேவை, அதனால் சுலபம்போலத் தெரியும். ஆனால் தசை இழைகள் நுண்ணிய அளவில் கிழிவது இப்படி நீளும்போதுதான். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு மணி நேரம் கழித்து, அடுத்தடுத்த இறக்கங்களில் தெரியும்.

ஒரு பந்தயத்தில், சாலை மாரத்தானில் நல்ல நேரம் வைத்திருந்த ஒரு பையன் முதல் இறக்கத்தில் ஐம்பது அறுபது பேரைத் தாண்டிப் போனதாக அவனே பிறகு சொன்னான். நான் அவனைப் பார்த்தது நான்காவது இறக்கத்தில். பின்பக்கமாகத் திரும்பி, மரத்தைப் பிடித்துப் பிடித்து, ஏணியில் இறங்குகிறவன் மாதிரி ஒவ்வொரு காலாக வைத்துக்கொண்டிருந்தான். நின்றபோதும் முழங்காலுக்கு மேலே சதை தன்னால் துடித்தது. மூச்சு வாங்கவே இல்லை, பேச்சு தெளிவாக இருந்தது.

"எனக்கு மன உறுதி போதலைண்ணா" என்றான்.

"தம்பி, உன் மனசுக்கு ஒண்ணும் ஆகலை. காலையில ஏழு மணிக்கே தொடையைச் செலவு பண்ணிட்டே" என்றேன். அவனுக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியாது.

கலிபோர்னியாவில் நடக்கும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 161 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 5,500 மீட்டர் அளவில், இறக்கம் 7,000 மீட்டர் அளவில். ஏறுவதைவிட இறங்குவது அதிகம் என்றதும் சுலபம் என்று நினைப்பவர்கள் உண்டு. பழகியவர்கள் அந்த எண்களைத் திருப்பிப் படிப்பார்கள்: 7,000 மீட்டருக்குத் தொடை மிச்சமிருக்க வேண்டும்.

வேகம் மட்டும்தான் குற்றவாளி என்று நினைக்காதீர்கள். பயந்துபோய்ப் பின்னால் சாய்ந்து, குதிகாலை முன்னே ஊன்றி, எட்டுக்கு எட்டு பிரேக் போட்டு இறங்குவதும் அதே தசையைத்தான் தின்னும். குட்டிக் குட்டி எட்டுகள், பாதம் இடுப்புக்குக் கீழேயே விழ வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். பார்வை காலடியில் இல்லாமல் மூன்று நான்கு மீட்டர் முன்னே. பந்தயத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கு முடியும்வரை நான் சொல்லிக்கொடுக்கும் அளவு ஒன்றுதான்: நினைத்தால் இரண்டு எட்டில் நிற்க முடிகிற வேகம். அதற்குமேல் போனால் நீங்கள் ஓடவில்லை, மலை உங்களைத் தள்ளுகிறது. தாண்டிப் போகிறவர்களுக்கு வழிவிடுங்கள். பாதிப் பேரை மாலையில் பார்ப்பீர்கள்.

இறக்கத்துக்கு மருந்து இறக்கம்தான். ஒருமுறை நன்றாக இறங்கிப் பழகினால், வலி போன பிறகு அந்தத் தசைக்குச் சில வாரங்கள் பாதுகாப்பு இருக்கும். இரண்டாவது முறை அதே சரிவு அவ்வளவு சேதம் செய்யாது. ஏற்றத்தில் மட்டும் பயிற்சி செய்துவிட்டு நடந்து இறங்குகிறவர்களுக்கு இது கிடைக்காது. கடைசிப் பெரிய இறக்கப் பயிற்சியைப் பந்தயத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்கு வரும், அதனால் மறுநாள் "ஒன்றும் இல்லையே" என்று மறுபடி மலைக்குக் கிளம்ப வேண்டாம். பந்தயத்துக்குப் பிறகு சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் வீட்டில் படுத்து ஓய்வெடுக்கிற விஷயம் இல்லை அது, உடனே மருத்துவமனை.

கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பார்ப்பது

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நடைக்குச் சொன்னதுதான், ஆனாலும் உயரமும் தூரம்தான் என்பது புரிகிறதல்லவா? சாலைப் பேஸை மலையில் தேடாதீர்கள். செங்குத்தில் நடங்கள். முன்னணியில் ஓடுகிறவர்களும் அங்கே நடக்கத்தான் செய்கிறார்கள்.

பசித்த பிறகு சாப்பிடுவது

உடம்பில் சேர்த்து வைத்த கிளைகோஜன், அதாவது தசையிலும் ஈரலிலும் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு, சில மணி நேரத்துக்குத்தான் வரும். பசி தெரியும்போது தாமதமாகிவிட்டது. முதல் அரை மணி நேரத்துக்குள் தொடங்கி, மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்ற அளவில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் குடலில் வெவ்வேறு வழியாக உறிஞ்சப்படுவதால், இரண்டும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம். ஆனால் ஓடும்போது ரத்தம் குடலை விட்டுத் தசைக்குப் போய்விடும், பழக்காத வயிறு எல்லாவற்றையும் வெளியே தள்ளும். பயிற்சியிலேயே சாப்பிட்டுப் பழக்குங்கள்.

இன்னொன்று. மூளையும் சர்க்கரையில்தான் ஓடுகிறது. திடீரென்று எல்லோர்மேலும் கோபம் வந்தால், "எதற்கு இந்தப் பைத்தியக்காரத்தனம்" என்று தோன்றினால், முதலில் ஒரு ஜெல் (பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ்), அப்புறம் தத்துவம்.

தாகம் இல்லாமல் குடித்துக்கொண்டே இருப்பது

"நிறையத் தண்ணீர் குடி" என்பது பாதி அறிவுரை. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. மணிக்கட்டில் வாட்ச் இறுக்கமாகிறது, விரல் வீங்குகிறது, குமட்டுகிறது, பேச்சு குழறுகிறது. இதை நீர்வறட்சி என்று நினைத்து இன்னும் ஒரு பாட்டில் கொடுப்பார்கள், அதுதான் ஆபத்து. ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க் குடித்தாலும் தப்ப முடியாது, அதில் இருக்கும் சோடியம் ரத்தத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு. தாகத்துக்குக் குடியுங்கள்.

வலி மாத்திரை

இப்யூபுரூஃபன் வகை வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்து திணறும் சிறுநீரகத்தை அது இன்னும் நெருக்கும்.

உட்கார்ந்துகொண்டு முடிவெடுப்பது

எய்ட் ஸ்டேஷன், அதாவது வழியில் தண்ணீரும் சாப்பாடும் கிடைக்கும் இடம். அங்கே இருக்கும் நாற்காலி பொல்லாதது. விலகுவதானால் எழுந்து நின்று விலகுங்கள். சாப்பிட்டு, உலர்ந்த சட்டை மாற்றி, பத்து நிமிடம் கழித்தும் அதே எண்ணம் இருந்தால் சரி, கையைத் தூக்குங்கள். எலும்பு, மயக்கம், குழப்பம் என்றால் யோசிக்காமல் நில்லுங்கள், அதில் வீரம் வேண்டாம். நாள்கணக்கில் நீளும் பந்தயங்களில், இரண்டாவது இரவில் பாறை மனிதனாகத் தெரிவதெல்லாம் சகஜம், பதினைந்து இருபது நிமிடத் தூக்கம் போதும், தெளியும்.

மூளை களைத்தாலும் கால் களைத்த மாதிரிதான் இருக்கும். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 90 நிமிடம் மூளைக்கு வேலை கொடுத்த பிறகு சைக்கிள் மிதித்தவர்கள் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். இதயத்திலோ நுரையீரலிலோ குறை தெரியவில்லை, மிதிப்பதுதான் கடினமாகத் தோன்றியது. அதனால் அற்ப முடிவுகளை முந்தின நாளே முடித்துவிடுங்கள்: எங்கே என்ன சாப்பிடுவது, எந்தப் பையில் எது. வழியில் அடுத்த எய்ட் ஸ்டேஷனை மட்டும் நினையுங்கள். 2024-இல் அமெரிக்காவின் டென்னசி காட்டில் நடக்கும் பார்க்லி பந்தயத்தை 60 மணி நேரக் கெடுவுக்கு 99 விநாடி முன் முடித்த பிரிட்டிஷ் ஓட்டக்காரர் ஜாஸ்மின் பாரிஸை மன உறுதிக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். காட்டட்டும். 2022, 2023 இரண்டு வருடமும் அதே காட்டுக்கு வந்து முடிக்காமல் திரும்பியவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கனம் என்று மழைச்சட்டையை விட்டுவிடுவது

2021 மே 22 அன்று சீனாவின் கன்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் பந்தயத்தில், மலை மேலே திடீரென்று ஆலங்கட்டி மழையும் காற்றும் வந்து 21 பேர் குளிரில் இறந்தார்கள். பலர் அரைக்கால் சட்டையில் இருந்தார்கள். பந்தயத்தின் கட்டாயப் பொருள் பட்டியலில் இல்லையென்றாலும் மழைச்சட்டை உங்கள் பையில் இருக்கட்டும்.

ஹெட்லேம்ப்

"இருட்டுவதற்குள் முடித்துவிடுவேன்" என்றவர்களை இருட்டில்தான் சந்திக்கிறேன்.

கால் நகம்

இரண்டு நாள் முன்னாடியே வெட்டிவிடுங்கள்.