நுண்பாகப் பொருளியல்: முதல் வருடத்தில் புள்ளியைத் தின்னும் தவறுகள்

நுவரெலியாவில் ஒரு வாரம் விடாமல் மழை கொட்டினால் கரட் விலை ஏறிவிடும். இதை விளக்கச் சொன்னால் முதல் வருட மாணவர் பலர் இப்படி எழுதுகிறார்கள்: "நிரம்பல் (supply) குறைந்தது, விலை கூடியது, அதனால் கேள்வி (demand) குறைந்தது, ஆகவே விலை மறுபடி இறங்கும்." கடைசி இரண்டு படியும் பிழை. விலை கூடியதால் குறைவது கேள்வித் தொகை, அதாவது அந்த விலையில் வாங்கப்படும் அளவு, மட்டும்தான். ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு வாங்கப்படும் என்று காட்டும் கோடான கேள்வி வளையி இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதன் வழியே நாம் மேலே நகர்கிறோம். வாங்குபவரின் வருமானம், விருப்பம், பீட்ரூட் போன்ற பதிலீட்டுப் பொருளின் விலை என்று ஏதாவது மாறினால்தான் வளையியே இடம்பெயரும். படம் வரையுமுன் மாறியது வாங்குபவர் பக்கமா, விற்பவர் பக்கமா என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது தேயிலையில் அடிபட்டது நிரம்பல். வெளிநாட்டில் தேநீர் குடிப்பவரின் விருப்பத்தை அந்தத் தடை தொடவில்லை.

அடுத்தது நெகிழ்ச்சி, அதாவது விலை ஒரு சதவீதம் மாறினால் கேள்வித் தொகை எத்தனை சதவீதம் மாறும் என்ற அளவு. சரிவும் நெகிழ்ச்சியும் ஒன்றென்று நினைப்பவர்கள் அதிகம். கரட்டுக்கான கேள்வி Q = 500 − P என்று வைத்துக்கொள்வோம் (Q கேள்வித் தொகை, P விலை). இந்த நேர்கோட்டின் சரிவு எங்கும் ஒன்றே. ஆனால் விலை 100 ரூபாவாக இருக்கும்போது நெகிழ்ச்சி 0.25, 400 ரூபாவில் அது 4. விலையை 100இலிருந்து 110ஆக்கினால் விற்பவரின் வருமானம் 40,000இலிருந்து 42,900ஆக ஏறும். 400இலிருந்து 410ஆக்கினால் அதே 40,000 ரூபா 36,900ஆகக் குறையும். இதைக் கையால் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். விளைச்சல் அமோகமாக இருந்து விலை விழுந்த பருவத்தில் மரக்கறித் தோட்டக்காரர் நட்டப்படுவது ஏன் என்பது அப்போது விளங்கும்.

அமையச் செலவிலும், அதாவது ஒன்றைத் தேர்ந்ததால் கைவிட்ட அடுத்த சிறந்த வாய்ப்பின் பெறுமதியிலும், தடுமாற்றம் உண்டு. அரச பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை, ஆகவே படிப்புக்குச் செலவே இல்லை என்று எழுதக் கூடாது. உயர்தரம் முடித்துவிட்டு ஹட்டனிலிருந்து கொழும்புக் கடையொன்றில் வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் சம்பளமும் பேராதனையில் படிப்பவரின் செலவுதான். மறுபுறம், சாப்பாட்டுச் செலவு முழுவதையும் கூட்டுவதும் பிழை. எங்கே இருந்தாலும் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்.

கடந்தகால வினாத்தாளை விடையோடு சேர்த்து வாசிப்பது படிப்பாகாது. விடையை மூடிவைத்துவிட்டு வரையுங்கள், அச்சுகளுக்குப் பெயரிட மறக்காதீர்கள்.

எனக்கு அதிகம் கவலை தரும் தவறு ஒன்று இருக்கிறது. 2021இல் சம்பள நிர்ணய சபை தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக நிர்ணயித்தது. இதுபற்றி எழுதும் மாணவர், நம் மலையகப் பிள்ளைகள்கூட, "குறைந்தபட்சச் சம்பளம் வேலையின்மையை உண்டாக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். அந்த முடிவு நிறைபோட்டிச் சந்தைக்குரியது, அதாவது வாங்குபவரும் விற்பவரும் பலராக இருந்து எவராலும் தனியாக விலையை மாற்ற முடியாத சந்தைக்குரியது. சுற்றுவட்டாரத்தில் வேலை கொடுப்பது ஒரு தோட்டம் மட்டுமே என்றால், உழைப்பை வாங்குபவர் ஒருவர்தான் என்று ஆகிறது. அங்கே பொருத்தமான அளவில் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் சம்பளத்தையும் வேலையையும் சேர்த்தே கூட்டக்கூடும். அளவு மீறிப் போனால் வேலை குறையவும் இடமுண்டு. எந்தச் சந்தை வடிவத்தை எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், அப்புறம் படத்துக்குப் போகலாம்.